பியூகிளுக்கு வாங்கிய இரண்டு கயிறுகள்

ஏசுவடியான் இறந்த தகவல் வந்தபோது நரசிம்மன் ஒரகடம் தொழிற்சாலையின் இரண்டாம் கேட்டில் நின்று, உள்ளே போகும் லாரியின் அடிப்பக்கத்தை நீளக் கம்பில் மாட்டிய கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடியே லாரியைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். அதற்குப் பின்னால் நின்ற இரண்டு லாரிகளையும் பார்க்காமலே விட்டுவிட்டார். பதினான்கு வருடக் காவல் வேலையில் அப்படி அவர் விட்டதில்லை.

போனில் பேசியது ஏசுவடியானின் மனைவி மெர்சி. அழவில்லை. "அண்ணே, அவிய போயிட்டாவ. காலம்பர ஆறே காலுக்கு. நீங்க வரணும்" என்றாள். சற்று நிறுத்தி, "அதையும் எடுத்துட்டு வந்திருங்க" என்றாள்.

எதை என்று அவர் கேட்கவில்லை.

நரசிம்மன் மண்ணூர்க்காரர். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனார். பயிற்சி முகாமில் பேண்டு ஹவில்தார் புதுப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, மாடு வாங்க வந்தவர் மாதிரி உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார். நரசிம்மனிடம் வந்ததும் நின்றார். மேல்வரிசை முன்பற்கள் அவ்வளவு ஒழுங்கு; ஊதும்போது உதடு அழுந்துவது அவற்றின்மேல்தான். அன்றைக்கே அவர் கையில் பியூகிள் என்ற பித்தளை ஊதுகொம்பு கொடுக்கப்பட்டது. அதன்பின் பதினேழு வருடம் அறுநூறு பேரை எழுப்பியதும், சாப்பிடக் கூப்பிட்டதும், படுக்கவைத்ததும் அவர்தான். செத்தவர்களுக்குக் கடைசி மரியாதையாக லாஸ்ட் போஸ்ட் ஊதியதும் அவர்தான்.

ஏசுவடியான் அதே பட்டாலியனில் சிப்பாய், தெற்கே திசையன்விளைப் பக்கத்துக்காரர். ஒருமுறை வடகிழக்கு மலையில், ஆற்றில் ஜீப் கவிழ்ந்து இறந்த ஒரு பையனுக்கு நரசிம்மன் ஊதினார். மரியாதைக்குச் சுட்ட வரிசையில் ஏசுவடியான் நின்றிருந்தார். துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லேய், எனக்கும் நீதாம்ல ஊதணும்."

"நீ முன்னாடி போவன்னு இன்னா கேரன்ட்டி?"

"நீ முன்னாடி போனேன்னா எவன்ல ஊதுவான்? அதுனால நாந்தான் முன்னாடி."

அந்தப் பேச்சைச் சாகும்வரை ஏசுவடியான் விடவில்லை. ஓய்வுபெற்று இருவரும் ஒரகடத்தில் ஒரே காவல் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். டீ குடிக்கும்போது, சம்பளம் வாங்கும்போது, தன் மகள் கவியா நர்சு வேலைக்கு மஸ்கட் போன அன்று, எப்போதும் ஏதாவது ஒரு சாக்கில் சொல்லிவிடுவார்: "நம்மளுக்கென்ன, ஊத ஆளு இருக்கு."

மூன்று வருடத்துக்கு முன்பு நரசிம்மன் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த ட்ரெய்லரின் பின்பக்கத்தில் மோதினார். உயிர் பிழைத்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கு போயின. மேலுதட்டில் ஏழு தையல். செட் பல் கட்டிக்கொண்டு, உதட்டுக்கு உணர்ச்சி திரும்பியதாக நினைத்த ஒரு நாள், கதவைச் சாத்திக்கொண்டு, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் இரவல் வாங்கிய பியூகிளை உதட்டில் வைத்து அழுத்தினார். செட் கழன்று நாக்கின்மேல் விழுந்தது. பியூகிளிலிருந்து வந்தது வெறும் காற்று.

மனைவி கங்காவுக்கு அது தெரியும். ஏசுவடியானிடம் அவரே சொன்னார். ஏசுவடியான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சரில" என்றார். ஆனால் மறுமாதமே மறுபடி, "நம்மளுக்கென்ன, ஊத ஆளு இருக்கு" என்றார். நரசிம்மனுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது அந்த ஆள் குளிர்பெட்டிக்குள் கிடக்கிறார்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குச் செயலாளர் ரத்தினம். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர், இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நரசிம்மன் அங்கே போனபோது அவர் ஏற்கெனவே எல்லாம் யோசித்து வைத்திருந்தார். மேஜைமேல் சங்கத்தின் பியூகிள் துடைக்காமல் கிடந்தது. அதன் பக்கத்தில் கைமுட்டி அளவுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர்.

"இத பியூகிள் வாய்க்குள்ள சொருகிட வேண்டிது. நீ வாய்ல வெச்சிகினு நில்லு. நான் பின்னாடி நின்னுகினு போன்ல அமுத்தறேன். லாஸ்ட் போஸ்ட் டவுன்லோடு பண்ணிட்டேன்."

"வாணாம் ரத்தினம்."

"இன்னா வாணாம்? மெர்சி காலையிலேர்ந்து மூணு தபா போன் பண்ணிட்டா. நரசிம்மண்ண ஊதுவாரான்னு கேக்குது. நீ வந்து சொல்லு, என்னால ஊத முடியாதும்மா, உன் புருசன் சும்மா போவட்டும்னு. சொல்றியா?"

நரசிம்மன் பியூகிளின் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

ரத்தினம் ஸ்பீக்கரைச் சொருகிக் காட்டினார். அரை விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நீல விளக்கு விட்டுவிட்டு மின்னியது. "இது மட்டும்தான் பிரச்சினை. பியூகிள்ல சுத்தற கயிறு எப்படியும் புதுசு வாங்கணும், பழசு இத்துப்போய்க் கீது. நல்லா மொத்தமா, பெரிய குஞ்சம் வெச்சதா வாங்கினு வா. வாய்க்கு முன்னால தொங்க விட்டுரு. கண்ணு குஞ்சத்துமேலதான் போவும். உன் கன்னத்த எவனும் பாக்க மாட்டான்."

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்கினார். கன்டோன்மென்ட் பக்கம் சீருடைச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. ரயிலில் போகும்போது, ஊதுவதுதான் பொய், கயிறாவது சரியான கயிறாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே போனார். அவருடைய பேண்டில் கயிறு கரும்பச்சை. சுண்டுவிரலைவிட மெல்லிசு. பருத்தியில் முறுக்கியது, ஏனென்றால் பனியில் நனைந்தால் நைலான் கைக்குள் வழுக்கும். குழாயை மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு முனையும் சமமாகத் தொங்க வேண்டும். குஞ்சம் ஒரு விரல் நீளம், அவ்வளவுதான். அகன்ற வாயின் பக்கம் ஒரு நூல்கூடப் போகக்கூடாது. போனால் பேண்டு ஹவில்தார் பிரம்பாலேயே அதை எடுத்துவிடுவார்.

கடையில் சசிரேகா என்ற பெண் நின்றிருந்தாள். "ஸ்கூல் பேண்டா சார், கல்யாண பேண்டா?"

"பட்டாளம்."

"ஊதறது யாரு, நீங்களா?"

நரசிம்மன் ஒரு கணம் உதட்டை மூடிக்கொண்டார். "ஆமா" என்றார்.

அவள் அட்டைப் பெட்டிகளை இறக்கினாள். சிவப்பும் மஞ்சளும், நீலத்தில் வெள்ளி ஜரிகை, மூவர்ணத்தில் பின்னிய ஒன்று. "இது சுதந்திர தினத்துக்கு நல்லாப் போவும் சார்." அவர் தலையாட்டினார். அடிப்பெட்டி ஒன்றிலிருந்து, எப்போதோ யாருக்கோ செய்ததில் மிச்சம் என்று சொல்லி, கரும்பச்சைப் பருத்திக் கயிறு ஒன்றை எடுத்துப் போட்டாள்.

அதேதான். எடுத்து முறுக்கைத் தடவினார். முனையை விரித்துப் பார்த்தார். குஞ்சத்தின் கழுத்தில் நூல் ஏழு சுற்று. இடது உள்ளங்கையில் படும் இடத்தில் வியர்வை இறங்கி, இரண்டு மாதத்தில் அந்தத் துண்டு மட்டும் கறுத்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்தே யார் பியூகிள் எது என்று சொல்லலாம். இதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"அது வாணாம் சார், டல்லா கீது. இத பாருங்க." சசிரேகா காட்டியது கட்டைவிரல் பருமன். பச்சையும் தங்க ஜரிகையும் கலந்தது. இரண்டு முனையிலும் தென்னங்குரும்பை அளவுக்குக் குஞ்சம், அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு நூல். "பெரிய பெரிய கல்யாணத்துக்கெல்லாம் இதுதான் போவுது."

நரசிம்மன் ஒரு கையை முட்டியாக மடக்கி, அந்தக் குஞ்சத்தை அதன்மேல் போட்டுப் பார்த்தார். முட்டி முழுக்க மறைந்தது.

"இதையே குடும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்ட உட்கார்ந்தார். குஞ்சங்கள் இரண்டையும் இழுத்து வாய்க்கு முன்னால் விழும்படி முடிச்சுப் போட்டார். தப்பான முடிச்சைப் போட அவர் கைக்கு நான்கு தடவை முயற்சி தேவைப்பட்டது. கங்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தாள்.

"ஊதாத ஊதலுக்கு இவ்ளோ சோடிப்பாய்யா?"

"கம்முனு இரு."

"நான் கம்முனுதான் கீறேன். நீதான் கம்முனு இருக்கமாட்டேன்ற."

அடக்கம் மறுநாள் மாலை. கவியாவுக்காக ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். அவள் விமானம் ரத்தானது. பாஸ்டர், இனிமேலும் தள்ளவேண்டாம் என்றார். உறவுப் பையன் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்து, மஸ்கட்டில் அழுதுகொண்டிருந்தவளுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தான். சங்கத்து ஆட்கள் இருபத்தெட்டுப் பேர் மெடல் குத்திக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். பாதிப்பேர் டூட்டியிலிருந்து நேராக வந்தவர்கள், கீழே செக்யூரிட்டி பேன்ட், மேலே கோட்டு.

பெட்டியை இறக்கினார்கள். நரசிம்மன் குழியின் தலைமாட்டில் நின்று பியூகிளை உயர்த்தினார். குஞ்சங்கள் விழுந்து பியூகிளின் வாயை மறைத்தன. பின்னாலிருந்து ரத்தினம் தொண்டையைச் செருமினார்.

சத்தம் வந்தது. அப்பழுக்கில்லாத சத்தம். எந்த ஊரிலோ எவனோ நல்ல வாலிபத்தில் ஊதியது. மரத்தடியில் நின்ற பெண்கள் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்கள். ஒரகடம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்த சாலையில்கூட ஒன்றிரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

லாஸ்ட் போஸ்டில், நீளமாக ஏறும் சுரத்துக்கு முன்னால் ஓர் இடம் உண்டு. பதினேழு வருடமாக நரசிம்மன் அங்கேதான் மூச்சு வாங்குவார். உடம்பு அதை மறக்கவில்லை. அந்த இடம் வந்ததும் உதட்டிலிருந்து பியூகிளை ஒரு நூல் விலக்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

பதிவில் ஊதியவன் அங்கே மூச்சு வாங்கவில்லை. பியூகிள் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

ஒரு கண்ணிமைப்புதான். திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டார். எதிர் வரிசையில் எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பட்டாளத்தில் அப்படித்தான் நிற்கச் சொல்லிக் கொடுத்திருந்தது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

முடிந்ததும் சங்கத்து ஆட்களில் ஒருவரான கோதண்டம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "கயிறு எங்க வாங்கின? ராஜா மாதிரி கீது." இன்னும் மூன்று பேர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். ரத்தினம் காதருகே வந்து, "ஒருத்தனுக்கும் தெரியல. கோதண்டத்தோட மாமனார் சீரியஸா கீறாரு. அவருக்கும் இதையே வெச்சிக்கலாம்" என்றார். நரசிம்மன் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் முகம் கழுவுவதற்காக அந்தப்பக்கம் போனார். வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் காலை மெர்சி போன் செய்தாள்.

"அண்ணே, கவியா வந்துட்டா. நேத்து பெட்டிய எறக்கையில வீடியோ சுத்திக்கிட்டே நின்னுட்டாம். நீங்க ஊதுனத அவ கேக்கலை. நாளைக்கி நாங்க ரெண்டுபேரும் கல்லறைக்குப் போறோம். அவளுக்காவ ஒருக்கா ஊதிருங்கண்ணே."

"சரிம்மா" என்று சொன்னது அவர் குரல்தான்.

ரத்தினம் கேள்விப்பட்டு, "அதே செட்டப்தான, நான் லீவு போட்டுட்டு வரேன்" என்றார். நரசிம்மன் வேண்டாம் என்றார். "ரெண்டு பொம்பளங்க முன்னால தனியா நின்னு இன்னா பண்ணப் போற? போனையும் நீயே அமுத்துவியா?" நரசிம்மன் பியூகிளிலிருந்து ஸ்பீக்கரை உருவி மேஜைமேல் வைத்தார். அது புளூடூத் துண்டிக்கப்பட்டது என்று ஒரு பெண் குரலில் ஆங்கிலத்தில் சொன்னது.

அன்று மதியம் மறுபடி பல்லாவரம் போனார். அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தார்.

"மாத்தித் தருவியாம்மா? அந்த மெல்லிசு கயிறு வேணும்."

சசிரேகா ஜரிகைக் கயிற்றை மேஜைமேல் விரித்தாள். குஞ்சத்து நூலில் செம்மண் ஒட்டியிருந்தது. "எங்க கட்டினீங்க சார் இத?"

"ஒரு அடக்கத்துல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "சாவுக்குப் போன சாமான் திருப்பி எடுக்க மாட்டோம் சார். தப்பா நெனச்சிக்காதீங்க. கல்யாணத்துக்குப் போவற பொருளு."

"நெனைக்கலம்மா. சரிதான்."

மெல்லிசுக் கயிற்றைப் புதிதாக வாங்கிக்கொண்டார். அவள் அதைச் சுற்றிக் கொடுக்கும்போது, "அன்னிக்கே இத எடுத்துக் கையிலயே வெச்சிகினு இருந்தீங்க" என்றாள். "ஆமாம்மா" என்றார்.

அதைக் கட்ட அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று சுற்று, ஒரு முடிச்சு. கை தானாகச் செய்தது. பியூகிளின் வாய் திறந்து கிடந்தது, உள்ளே பார்த்தால் இருட்டு. கங்கா வந்து நின்றாள். டூத்பிரஷ் போட்டு வைக்கும் பழைய டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். "பல்ல கழட்டினா இதுல போட்டுக்க. கர்சீப்ல வெச்சியினா ஒடஞ்சிடும்."

சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் இருவரும் முன்பே வந்திருந்தார்கள். மண் இன்னும் அமுங்கவில்லை. சங்கம் வைத்த மலர்வளையம் கறுத்திருந்தது. கவியாவுக்கு அப்பாவின் நெற்றி, அப்பாவின் நிற்கிற விதம். "வாங்க மாமா" என்றாள்.

நரசிம்மன் தொப்பியைக் கழற்றினார். "மெர்சி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் ஊதல. அது டேப்பு. எனக்குப் பல்லு போனதுலேர்ந்து ஊத வராது. அவனுக்குத் தெரியும், உன்னாண்ட சொன்னானான்னு தெரியல. அத மறைக்கத்தான் அந்த மாதிரி கயிறு வாங்கினேன். எங்க பட்டாளத்துல எவனும் அந்தக் கயிறு கட்ட மாட்டான்."

மெர்சி மலர்வளையத்தில் உதிர்ந்திருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. நீங்க மூச்சு வாங்கையிலயும் சத்தம் வந்துச்சுல்லா."

நரசிம்மன் தொப்பியைத் தலையில் வைத்து, மறுபடி கழற்றினார்.

"எல்லாரும் குழியப் பாத்தாவ. நான் ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அவிய சொல்லிட்டுப் போனது ஒண்ணே ஒண்ணு, நரசிம்மன் ஊதுவான்னு. வேற சொத்தா சொகமா, என்னத்தச் சொன்னாவ எனக்கு?"

"அப்போ ஏம்மா மறுபடியும் வரச் சொன்ன?"

"அவியளுக்கு யாரும் ஊதலையேண்ணே." இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "வாறது வரட்டும். டேப்பு வேண்டாம்."

அவர் திரும்பி நின்றுகொண்டு செட் பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டார். முகம் உள்வாங்கிக் கிழடாயிற்று. இந்த வயதுப் பெண்பிள்ளை முன்னால் இப்படி நிற்கவேண்டியிருக்கிறதே என்று கூசியது. கவியா பக்கத்தில் வந்து, நோயாளியைப் பார்க்கிற மாதிரி அவர் மேலுதட்டைப் பார்த்தாள்.

"உதட்டுல தொட்டாத் தெரியுதா மாமா?"

"பாதி."

"அழுத்துனா வலிக்கும்."

"வலிக்கட்டும்மா."

தலைமாட்டில் போய் நின்றார். இடது கையில் கயிறு சரியாக உட்கார்ந்தது. உயர்த்தினார்.

முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை அடிச்சுரம் பிடித்தது, பழுதான ஹாரன் மாதிரி, கரகரத்து. அதிலிருந்து அடுத்ததற்கு ஏறினார். அது பாதியில் உடைந்தது. அதற்குமேல் உள்ள சுரங்கள் எதுவும் இல்லை. அவை வரவேண்டிய இடங்களில் வெறும் காற்றை, அதற்குரிய அளவு நேரம் ஊதினார். ஒன்றையும் தாண்டிப் போகவில்லை. உதட்டுத் தையலோரம் ரத்தம் உப்புக் கரித்தது. மெர்சி கண்ணை மூடியிருந்தாள். கவியா மூடவில்லை.

மூச்சு வாங்க நிறுத்தினார். எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

"முடிஞ்சிட்டா மாமா?"

"இல்லம்மா, இன்னும் பாதி இருக்கு" என்று சொல்லிவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி பியூகிளை உயர்த்தினார்.